கேபின் டிராலி தகராறு செய்கிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகும் சக்கரப் பெட்டிதான் கேபின் டிராலி. கடையில் பார்க்கும்போது எல்லாமே நல்ல பிள்ளைதான். விரலால் தள்ளினால் ஓடும், கைப்பிடி வழுக்கிக்கொண்டு மேலே வரும். அங்கே பெட்டி காலி, தரை கிரானைட். வாங்கி வந்த பிறகு அதன் வாழ்க்கை ஏழு கிலோ சுமையோடு, பெயர்ந்த நடைபாதையிலும் மெட்ரோ படிக்கட்டிலும் ஆட்டோவின் பின்சீட்டிலும் கழியப்போகிறது. இதை வாங்குகிற நாமும் நினைப்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை.

எங்கள் வீட்டுக்கு இதுவரை ஆறு கேபின் பெட்டிகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் காலை வாரியது. அவற்றைப் பிரித்து, திருகி, சிலவற்றை இன்னும் கெடுத்துக் கற்றுக்கொண்டவை கீழே. உங்கள் பெட்டிக்கு என்ன கோளாறோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். இப்போதைக்கு என்ன செய்வது, அடுத்த பெட்டி எடுக்கும்போது எதைப் பார்ப்பது என்று இரண்டையும் சொல்லப் பார்க்கிறேன்.

அறிகுறி: விமான நிலைய அளவுக் கூண்டுக்குள் பெட்டி இறங்கவில்லை

“சீட்டில் 55 செ.மீ. என்றுதான் போட்டிருந்தது” என்று கவுன்ட்டரில் வாதாடிப் பயனில்லை. முதலில் வீட்டில் அளந்து பாருங்கள், அதுவும் பொருட்களை நிரப்பிவிட்டு. பெட்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, தலையில் ஒரு தடிப் புத்தகத்தை வைத்து, குழந்தையின் உயரத்தைக் குறிப்பதுபோலப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரைதான் உயரம். சக்கரமும், மடக்கிய கைப்பிடியின் மேடும் இதில் சேரும்.

கோளாறு பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது, பெயரிலேயே உள்ள குழப்பம். 20 அங்குலப் பெட்டி என்று விற்கும் பலவற்றில் அந்த 20 ஓட்டின், அதாவது சக்கரம் இல்லாத பெட்டி உடம்பின், உயரம் மட்டும். சக்கரம் சேர்ந்தால் 22 அங்குலத்தைத் தொட்டுவிடும். இரண்டாவது, பெட்டியை அகலப்படுத்தும் கூடுதல் ஜிப். அதைத் திறந்த கணமே அது கேபின் பெட்டி இல்லை. மூன்றாவது, துணிப்பெட்டியின் முன்பை. அதில் ஒரு சால்வையைத் திணித்தால் போதும், வயிறு தள்ளிவிடும்.

இந்த அளவுகளில் ஒரு வேடிக்கை உண்டு. இண்டிகோ 55 × 35 × 25 செ.மீ. என்கிறது. எமிரேட்ஸ் 55 × 38 × 22. ஏர் ஏசியா 56 × 36 × 23. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தனித்தனியாகச் சொல்லாமல் மூன்றும் சேர்ந்து 115 செ.மீ. என்று விட்டுவிடுகிறது. மற்றவற்றைக் கூட்டிப் பாருங்கள், எல்லாமே 115தான். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் கேட்கும் 22 × 14 × 9 அங்குலமும் 45 அங்குலம், கிட்டத்தட்ட அதே கணக்கு. கூட்டுத்தொகை ஒன்று, பங்கு பிரிப்பது மட்டும் ஆளுக்கு ஒரு விதம். அதனால்தான் இண்டிகோவில் சிரித்துக்கொண்டே போன 25 செ.மீ. தடிமன் பெட்டி, அடுத்த நிறுவனத்தில் மாட்டிக்கொள்கிறது.

உயரத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். மாட்டிவிடுவது தடிமன். 55 × 35 × 20-க்குள் அடங்கும் பெட்டி மேலே சொன்ன எல்லா இடத்திலும் போகும். கத்தார் ஏர்வேஸ் மட்டும் உயரத்தையே 50 செ.மீ. என்று வைத்திருக்கிறது, அந்த வழியாக அடிக்கடி போகிறவர்கள் இன்னும் சிறியதைத்தான் தேட வேண்டும். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா 2015 ஜூனில் இதே 55 × 35 × 20-ஐப் பொது அளவாகக் கொண்டுவரப் பார்த்தது. இருக்கிற பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பவே, சில நாட்களிலேயே நிறுத்திவைத்துவிட்டது. திட்டம் போய்விட்டாலும் அந்த அளவு நல்ல அளவுதான்.

அறிகுறி: அளவு சரி, தராசில் மாட்டிக்கொண்டது

இந்தியாவிலிருந்து பறக்கும் நமக்கு முக்கியமான நோய் இது. இண்டிகோ, ஏர் இந்தியா, எமிரேட்ஸ், கத்தார், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என எதை எடுத்தாலும் சாதாரண வகுப்பில் கைப்பெட்டிக்கு 7 கிலோ. அதில் பெட்டியின் சொந்த எடையும் சேர்த்தி. இங்கேதான் பலருக்குக் கணக்கு உதைக்கிறது.

கெட்டி பிளாஸ்டிக் ஓடு, நான்கு இரட்டைச் சக்கரம், பூட்டு எல்லாம் வைத்த பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் 3.2 கிலோ வந்தது. மிச்சம் 3.8 கிலோ. மடிக்கணினியும் சார்ஜரும் அதில் 2 கிலோவைத் தின்றுவிடும். ஆக, பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டியை இழுத்துக்கொண்டு போவது 1.8 கிலோ துணிக்காக. அதே அளவில் இரண்டு சக்கரத் துணிப்பெட்டி 1.9 கிலோ. வித்தியாசம் 1.3 கிலோ; ஒரு ஜோடி ஷூவும் இரண்டு நாள் உடையும் அதற்குள் அடங்கும். பெட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்று ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். 38 லிட்டர் இடத்தைத் துணியால் அடைத்தாலே 7 கிலோவைத் தாண்டிவிடும்.

ஒருமுறை மதுரைக்குக் கிளம்பியபோது தராசு 8.4 காட்டியது. வரிசையை விட்டு விலகி, எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்து, சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டேன். சார்ஜர், புத்தகம், பவர் பேங்க் எல்லாம் பேன்ட் பாக்கெட்டுக்குப் போயின. பக்கத்தில் நின்ற பாட்டி, “குளிருதா தம்பி?” என்று கேட்டார். மே மாதம்.

உடனடி வைத்தியம் அதுதான்: கனமானதை உடம்புக்கு மாற்றுவது. கொஞ்சம் முன்யோசனை இருந்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்று, பிறகு பெட்டி இல்லாமல் ஏறி, கழித்துப் பாருங்கள். அரைக் கிலோ முன்பின் இருக்கலாம், அதனால் 6.5-க்கு மேல் போகாமல் நிறுத்திக்கொள்வது நல்லது. கொக்கித் தராசு இருந்தால் இன்னும் சுலபம். தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசை மட்டும் நம்பாதீர்கள். அது எடையைக் குறைத்துக் காட்டியே பழக்கப்பட்டது.

“சரி, இன்னொரு பையில் பிரித்து எடுத்துக்கொள்கிறேன்” என்றால் அதற்கும் இடைஞ்சல் உண்டு. பாதுகாப்புச் சோதனையைத் தாண்ட ஒருவருக்கு ஒரு கைப்பை என்பது இந்தியாவில் விமானப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான பி.சி.ஏ.எஸ். வைத்திருக்கும் விதி. பெண்களின் கைப்பை போன்ற சில சிறு சாமான்களுக்குத்தான் விலக்கு.

ஆகவே, யாருடன் பறக்கிறீர்கள் என்பதை வைத்தே பெட்டியின் ரகத்தை முடிவு செய்ய வேண்டும். பிரிட்டிஷ் ஏர்வேஸில் கைப்பெட்டி 23 கிலோ வரை போகலாம், நீங்களே தூக்கி மேலே வைக்க முடிந்தால். அமெரிக்காவுக்குள் பறக்கும் பெரிய நிறுவனங்கள் கைப்பெட்டியின் எடையைப் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. அங்கே வசிக்கிறவருக்கு 3.2 கிலோ ஓட்டுப்பெட்டி ஒரு குறையே இல்லை. அவர் யூடியூபில் புகழ்ந்து தள்ளுவதைப் பார்த்துவிட்டு நாம் வாங்கினால்தான் வம்பு. 7 கிலோக்காரர்கள் கடையில் முதலில் கேட்க வேண்டியது காலிப் பெட்டியின் எடை. 2.3 கிலோவுக்கு மேல் போனால் நான் அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவேன்.

அறிகுறி: சக்கரம் பொடியாக உதிர்கிறது, தரையில் கறுப்புக் கோடு விழுகிறது

“ரெண்டே தடவைதான் எடுத்துப் போனோம், நாலு வருஷம் பரண்லதான் இருந்தது, எப்படித் தேயும்?” என்று கேட்பவர்கள் அதிகம். தேயவில்லை, மட்கிவிட்டது. சத்தமில்லாமல் உருள்வதற்காகச் சக்கரத்தின் மேல்பட்டையைப் பாலியூரிதேனில் செய்கிறார்கள். அதில் பல வகைகள் காற்றின் ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து உள்ளுக்குள்ளேயே கெட்டுவிடுகின்றன. உருட்டினாலும் உருட்டாவிட்டாலும் அதற்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் சூடும் ஈரமும் சேர்ந்து காரியத்தைச் சீக்கிரமே முடித்துவிடும். அலமாரியில் வைத்த நல்ல ஷூவின் அடிப்பாகம் கல்யாணத்தன்று பிளந்துகொள்வதும் இதே நோய்தான்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே பெட்டியை இறக்கி, சக்கரத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகத்தடம் அப்படியே நின்றாலோ, விரலில் பிசுபிசுப்பு ஒட்டினாலோ சக்கரம் போய்விட்டது. ஒட்டுப்பசை, டேப் எதுவும் உதவாது, மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. இரண்டு சக்கரப் பெட்டியில் சக்கரத்துக்கு நடுவே ஓர் இரும்பு அச்சு அடித்து இறுக்கியிருக்கும். சக்கரத்துக்கும் அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கூட்டுக்கும் இடையே ஹாக்சா பிளேடை நுழைத்து அந்த அச்சை அறுக்க வேண்டும். கூட்டை அறுத்துவிடாமல் இருக்கப் பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்றை இடையில் செருகிக்கொள்ளலாம். நான் முதல் தடவை செருகவில்லை. அப்புறம் மூன்று அளவுகள் எடுக்க வேண்டும்: சக்கரத்தின் விட்டம், தடிமன், அச்சு போகும் துளையின் விட்டம். விட்டம் 2 மி.மீ. கூடினாலும் புதுச் சக்கரம் கூட்டில் உரசும், அதனால் கண்ணளவு வேண்டாம். பழைய அச்சுக்குப் பதிலாக, அலன் கீயால் முறுக்கும் போல்ட்டோடு சக்கர ஜோடிகள் இணையத்தில் கிடைக்கின்றன. இல்லாவிட்டால் பெட்டி ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்தால் அரைமணி நேர வேலை.

நான்கு சக்கரப் பெட்டியில் சக்கரமும் சுழலும் கூடும் ஒரே துண்டு. உள்ளே துணி உறையின் ஜிப்பைத் திறந்தால் திருகாணிகள் தெரிய வேண்டும். தெரிந்தால் முழுத் துண்டையும் கழற்றி மாற்றலாம். தெரியாமல் ரிவெட் அடித்திருந்தால் அதைத் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். அதை ரிப்பேர்க்காரரிடம் விட்டுவிடுவதே உத்தமம். அடுத்த முறை வாங்கும்போது கடையிலேயே அந்த உள் ஜிப்பைத் திறந்து பாருங்கள். கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். இந்த ஒரே சோதனை பெட்டியின் ஆயுளைச் சொல்லிவிடும். ரப்பர் மாதிரி இருக்கும் டி.பி.ஆர். சக்கரம் இப்படி ஈரத்தில் உதிர்வதில்லை, விலையும் குறைவு. ஆனால் கரடுமுரடான ரோட்டில் சீக்கிரம் தேயும். வருடத்தில் ஒருமுறை மட்டும் பறப்பவருக்கு அதுவே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கைப்பிடியில் வெல்லம் தடவியதுபோல ஒட்டுகிறதா? மென்மையாக இருக்கட்டும் என்று பூசிய ரப்பர் பூச்சு மட்கியதுதான் காரணம். சாராயம் கலந்த கை சானிடைசரைப் பழைய துணியில் எடுத்து அழுத்தித் துடைத்தால் பூச்சு கழன்று, அடியில் வெறும் பிளாஸ்டிக் வரும். அழகு போகும், பிசுக்கும் போகும்.

அறிகுறி: ஒரு பக்கமாகவே இழுக்கிறது, விட்டால் தானாக ஓடுகிறது

ஒரு பக்கம் இழுத்தால் முதலில் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். பத்தில் எட்டு தடவை சக்கரத்தின் அச்சில் முடியும் நூலும் சுற்றியிருக்கும். எங்கள் வீட்டுப் பெட்டியில் மல்லிகைச் சரத்தின் நூல்தான் எப்போதும் குற்றவாளி. ஊக்கு, சின்னக் கத்தரி, கொஞ்சம் பொறுமை போதும். சுத்தம் செய்த பிறகு தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் தூசியைக் கூப்பிட்டுக் கூட்டணி வைத்துக்கொள்ளும், ஒரு மாதத்தில் களிம்பாகிவிடும். சிலிக்கான் ஸ்பிரே ஒரு பீச்சு போதும்.

நூல் இல்லை, சக்கரமும் சுழல்கிறது, இருந்தும் இழுக்கிறது என்றால் சுழலும் கூடு வளைந்திருக்கலாம். நான்கு சக்கரப் பெட்டியைப் படியில் தடதடவென்று இறக்கினால் அப்படி ஆகும்.

தானாக ஓடுவது நோயே இல்லை, பிறவிக்குணம். நான்கு சக்கரமும் சுழலும் பெட்டிக்கு விமான நிலையப் பேருந்து வளைவில் திரும்பினால் போதும், எதிர்சீட்டுக்காரர் காலில் போய் இடிக்கும். பேருந்திலும் ரயிலிலும் அதைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். நடைபாதையில் நிமிர்த்தித் தள்ளாமல், சாய்த்து இரண்டு சக்கரத்தில் இழுங்கள்.

பெட்டிக்குச் சக்கரம் வந்த கதையே இந்தச் சண்டையின் கதைதான். 1970-ல் அமெரிக்கர் பெர்னார்ட் சாடோ, பெரிய சூட்கேஸின் அடியில் நான்கு சின்னச் சக்கரம் வைத்து, வார் கட்டி, ஆட்டுக்குட்டியை இழுத்துப் போவதுபோல இழுக்க வழி செய்தார். 1972-ல் காப்புரிமையும் கிடைத்தது. அந்தப் பெட்டி திருப்பத்தில் ஆடிக் கவிழும். 1987-ல் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானி ராபர்ட் பிளாத், பெட்டியை நிமிர்த்தி, இரண்டே சக்கரமும் நீளும் கைப்பிடியும் வைத்துச் சாய்த்து இழுத்தார். இன்று நாம் கேபின் டிராலி என்று சொல்வது அங்கிருந்து வந்ததுதான். விமானப் பணியாளர்கள் இழுத்துப் போவதைப் பார்த்துப் பயணிகளும் கேட்கத் தொடங்கினார்கள். சுழலும் நான்கு சக்கரம் அதற்குப் பிறகு வந்த நாகரிகம்.

எது நல்லது? துபாய், சிங்கப்பூர் மாதிரி வழவழத் தரையில் நீண்ட தூரம் நடக்கவும், தோள்வலி உள்ளவர்களுக்கும் நான்கு. இறங்கியதும் தெரு, படி, ரயில் நிலையம் என்று போகிறவர்களுக்கு இரண்டு. இரண்டு சக்கரப் பெட்டியில் சக்கரம் பாதி உள்ளடங்கியிருக்கும், அளவும் மிச்சம். நான்கு சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு 55 செ.மீ. உயரத்தில் நான்கைந்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. என் ஓட்டு இரண்டுக்கு. என் மனைவியின் ஓட்டு நான்குக்கு. இது தீராத வழக்கு.

அறிகுறி: தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம்

கெட்டி பிளாஸ்டிக் சக்கரம். மாற்றுவதைத் தவிர வழியில்லை, முறை மேலே இருக்கிறது. இந்தச் சத்தம் தாங்காமல் வெனிஸ் நகராட்சி 2014-ல் கெட்டிச் சக்கரப் பெட்டிகளுக்குத் தடை விதிக்க யோசித்தது. கல்பாவிய சந்தில் அதிகாலை நாலு மணிக்கு ஒரு டிராலி போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் அவர்கள் கோபம் நியாயம்தான்.

அறிகுறி: கைப்பிடி மேலே வரவில்லை, அல்லது கீழே இறங்கவில்லை

பலம் காட்ட வேண்டாம். கைப்பிடிக் குழாயின் அடியில் ஸ்பிரிங் வைத்த சின்ன முளைகள், இரு பக்கமும் ஒவ்வொன்று. பொத்தானை அழுத்தினால் இரண்டும் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று மட்டும் இழுத்துக்கொண்டு மற்றது மாட்டினால் கைப்பிடி கோணலாக நிற்கும். பொத்தானை அழுத்தியபடியே முதலில் எதிர்த்திசையில் மெல்லத் தள்ளுங்கள். வரவில்லை என்றால் கீழே, இறங்கவில்லை என்றால் மேலே. முளையின் மேல் உள்ள இறுக்கம் விட்டதும் பெரும்பாலும் விடுபட்டுவிடும். இல்லையென்றால் பெட்டியைக் காலிசெய்து பாருங்கள். உள்ளே அதிகம் திணித்ததில் பின்பக்கம் புடைத்து, குழாயை நெருக்கிக்கொண்டிருக்கலாம். குழாயே வளைந்திருந்தால் நேராக்கப் பார்க்காதீர்கள். மெல்லிய அலுமினியக் குழாய், ஒடிந்துவிடும். முழுக் கைப்பிடித் தொகுதியாக மாற்றுவதுதான் வழி.

கைப்பிடி லேசாக ஆடுவதைக் குறையாக நினைக்க வேண்டாம். கொஞ்சம் ஆட்டம் இருந்தால்தான் குழாய் ஒன்றுக்குள் ஒன்று போகும். பார்க்க வேண்டியது உயரம். கடையில் சாய்த்து இழுத்துப் பாருங்கள். குதிகாலில் சக்கரம் இடித்தால் உங்களுக்கு அந்தக் கைப்பிடி குட்டை. உயரமானவர்கள் இதைப் பார்க்காமல் வாங்கி வந்து முதுகைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அறிகுறி: ஜிப் மூடியும் பின்னால் திறந்துகொள்கிறது

ரன்னர் போன பிறகு பல் பிரிகிறது என்றால் பல்லில் குற்றமில்லை, ரன்னரின் வாய் அகன்றுவிட்டது. குறட்டால் ரன்னரின் இரு ஓரங்களையும் ஒரு சிட்டிகை நெருக்குங்கள், இழுத்துப் பாருங்கள், போதாவிட்டால் இன்னொரு சிட்டிகை. ஒரேயடியாக நெருக்கினால் உடைந்துவிடும். இறுக்கமாக ஓடினால் மெழுகுவர்த்தியைப் பல்லின் மேல் தேய்க்கலாம். பல்லே உதிர்ந்திருந்தால் பை தைப்பவரிடம் முழு ஜிப்பையும் மாற்றச் சொல்ல வேண்டும்.

ரன்னரின் முதுகில் 5, 8, 10 என்று ஓர் எண் பொறித்திருக்கும். மூடிய பல்லின் அகலம் ஏறத்தாழ அத்தனை மி.மீ. பெட்டியின் பிரதான ஜிப்புக்கு 8 அல்லது 10 இருக்கட்டும். 5 என்றால் அது பள்ளிக்கூடப் பைக்கு ஆனது. இன்னொன்று: நைலான் சுருள் ஜிப்பை ஒரு பால்பாயின்ட் பேனா முனையால் குத்திப் பிரித்து, திரும்ப ரன்னரை ஓட்டி மூடிவிடலாம். பூட்டு போட்டிருந்தாலும்தான். நகை, பாஸ்போர்ட் எல்லாம் பெட்டியில் இல்லாமல் உங்கள் மேல் இருக்கட்டும்.

அறிகுறி: ஓட்டில் வெள்ளைக் கீறல், அப்புறம் விரிசல்

ஓட்டுப்பெட்டிகளில் மூன்று பிளாஸ்டிக்குகள் புழங்குகின்றன. ஏ.பி.எஸ். மலிவு, கெட்டி, வளைக்கும்போது வெளுத்து, பிறகு பிளக்கும். பாலிகார்பனேட் அமுங்கி, டப்பென்று பழையபடி நிமிரும். பாலிபுரொப்பிலீன், நம் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலிச் சரக்கு, இலேசானது, நன்றாக வளையும், ஆனால் சீக்கிரம் கீறல் விழும். ஹெல்மெட் போடுகிறவர்களுக்குச் சொல்வதென்றால், முகக்கண்ணாடி பாலிகார்பனேட், ஓடு பெரும்பாலும் ஏ.பி.எஸ்.

மூடியின் நடுவில் உள்ளங்கையால் அழுத்துங்கள். கல்போல நின்றால் ‘உறுதி’ என்று சந்தோஷப்படாதீர்கள், அமுங்கி எழுவதுதான் நல்ல பெட்டி. விரிசல் விழுந்துவிட்டால் உள்பக்கமாக ஃபைபர் துணியும் எபாக்சியும் வைத்து ஒட்டலாம். ஓட்டின் ஓரத்திலோ, சக்கரத்தின் பக்கத்திலோ விழுந்த விரிசல் என்றால் அந்தப் பெட்டிக்கு நன்றி சொல்லி விடைகொடுப்பதே மேல்.

அறிகுறி: நிறுத்தினால் முன்னால் குப்புற விழுகிறது

முன்பையில் மடிக்கணினி. கனத்தை எல்லாம் சக்கரத்துக்கு மேல், கைப்பிடிப் பக்கமாக அடுக்குங்கள்.

அறிகுறி: எண் பூட்டு திறக்கவில்லை, சாவித் துளை இருக்கிறது, சாவி இல்லை

சாவி உங்களுக்குத் தரவே மாட்டார்கள். சிவப்புச் சின்னம் போட்ட அந்த டி.எஸ்.ஏ. பூட்டின் சாவி அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பு ஆட்களிடம்தான். மூன்று எண் பூட்டில் 000 முதல் 999 வரை ஆயிரம் வாய்ப்புகள்; ஒன்றுக்கு இரண்டு நொடி என்றால் எல்லாவற்றையும் பார்க்க அரைமணி நேரம் சொச்சம். டி.வி. பார்த்துக்கொண்டே ஓட்டிவிடலாம். அதற்கு முன் வீட்டில் எல்லாருடைய பிறந்தநாளையும் போட்டுப் பாருங்கள். பயணத்துக்கு முந்தின இரவு குழந்தைகள் கையில் பூட்டைக் கொடுக்காமல் இருப்பதும் ஒரு வைத்தியம்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் விமானப் படியில் வாங்கிக்கொண்டார்கள்

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போயிருந்தால் பழக்கமாகியிருக்கும். அந்த வழிகளில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 விசிறி விமானத்தில் தலைக்கு மேல் உள்ள தட்டு சிறியது. 55 செ.மீ. ஓட்டுப்பெட்டி அதற்குள் போவது கஷ்டம். படிக்கட்டின் அருகே அட்டை கட்டி வாங்கி, அடியில் ஏற்றி, இறங்கியதும் தருவார்கள். இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

ஆனால் கொடுப்பதற்கு முன் பவர் பேங்கை வெளியே எடுத்தாக வேண்டும். லித்தியம் பேட்டரி சரக்கறையில் தீப்பிடித்தால் அணைக்க ஆள் கிடையாது. அதனால் அது பயணியோடு கேபினில்தான் வர வேண்டும். 100 வாட்-மணி வரைதான் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட்-மணி, கவலையில்லை. 27,000 எல்லையில் நிற்கும். பெட்டிக்குள்ளேயே பேட்டரி வைத்துச் செல்போன் சார்ஜ் பண்ணும் ‘ஸ்மார்ட்’ பெட்டி என்றால், பேட்டரி கையால் கழற்ற வருகிறதா என்று பார்த்தே வாங்குங்கள். கழற்ற வராத பெட்டிகளை அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2018 ஜனவரியிலேயே மறுக்கத் தொடங்கிவிட்டன.

மாத்திரை, கண்ணாடி, பவர் பேங்க் மூன்றையும் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, பெட்டியின் மேல் வாயிலேயே வைத்துவிடுவது என் பழக்கம். “கொடுங்க சார்” என்றதும் அதை மட்டும் உருவிக்கொண்டு பெட்டியை நீட்டிவிடலாம். இந்த இடத்தில் நடுவில் பிளந்து இரண்டாகத் திறக்கும் ஓட்டுப்பெட்டி பெரிய இம்சை. படியடியில் வெயிலில் குத்தவைத்து, உள்ளாடை எல்லாம் தெரிய மல்லாத்தித் திறக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் மடிக்கணினியை வெளியே எடுக்கும்போதும் இதே கூத்து. முன்பை இருக்கும் பெட்டிக்கு இதற்காகவே ஒரு மதிப்பெண் கூடுதல்.

அறிகுறி: இதற்கு மேல் ஒட்டுப்போட முடியாது, புதிது வாங்க வேண்டும்

கடைசியாகப் பெட்டி வாங்கப் பாரிமுனைக்குப் போனபோது, பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கும், தையல்காரர் டேப்பும் கொண்டுபோனேன். நான்கு பாட்டில் நான்கு கிலோ, வசதியான கணக்கு. கடைப் பையனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பாட்டில்களை உள்ளே வைத்து மூடி, கடைக்குள் உருட்டினேன். எல்லாமே நன்றாக ஓடின. வெளியே நடைபாதையில் உருட்டிப் பார்க்கலாமா என்று கேட்டதும் பையன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஒரு நிமிடம் யோசித்து, “பழைய ஸ்டாக்ல ஒண்ணை எடுத்துட்டுப் போய்க் காட்டு” என்றார்.

அந்தப் பழைய ஸ்டாக் நான்கு சக்கரப் பெட்டி, கடைவாசலில் இருந்த கால்வாய் மூடியின் இடுக்கில் முதல் அடியிலேயே மாட்டிக்கொண்டது. அதே ரகத்தில் இரண்டு சக்கரம் தாண்டிப் போனது. பையனுக்கே சுவாரசியம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு பெட்டிகளை அவரே வெளியே கொண்டுவந்து உருட்டினார். தலைக்கு மேல் தூக்கி, ஒரு கையால் விமானத் தட்டில் செருகுவதுபோல அலமாரியில் வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டுக் கைப்பிடி இல்லாத பெட்டி அந்தச் சோதனையில் தோற்றது.

கடைசியில் எடுத்தது 1.9 கிலோ, இரண்டு சக்கரம், எட்டாம் எண் ஜிப், உள்ளே திருகாணி தெரியும் சக்கரம். பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு நிறத்தில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மகள் பார்த்துவிட்டு, “அப்பா, இது கீரை மசியல் கலர்” என்றாள்.